தண்ணீர் தெளியும் நாலைந்து நாள்: நீலகிரியில் ட்ரவுட் பிடிக்க முழுமையான வழிகாட்டி

நீலகிரியின் மேற்குப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன் நன்றாகக் கடிக்கும் நாட்கள் நீண்டு நிற்பதில்லை. மழை விட்டுத் தண்ணீர் இறங்கத் தொடங்கினால் நாலைந்து நாள் கிடைக்கும். அடுத்த மழையோ கடும் வெயிலோ வந்து அதை முடித்துவிடும்.

புதிதாக வருகிறவர்கள் அந்த நாட்களைக் கோட்டைவிடுவது தூண்டில் வீசத் தெரியாததால் அல்ல. முதல் நாள் அனுமதிக்கு அலைகிறார்கள். இரண்டாம் நாள் தூண்டில் நரம்பும் கொக்கியும் தேடுகிறார்கள். மூன்றாம் நாள் வெயில் ஏறிய பிறகு ஓடைக்குப் போய், நேராக மீன் நிற்கும் இடத்திலேயே காலை வைக்கிறார்கள். வேலைகளை வரிசை மாற்றிச் செய்வதுதான் கோளாறு. அதனால் இங்கே எல்லாம் செய்ய வேண்டிய வரிசையிலேயே இருக்கிறது.

1. மழை பெய்துகொண்டிருக்கும்போதே அனுமதி வாங்குங்கள்

தண்ணீர் தெளிந்த பிறகு அலுவலகத்துக்குப் போனால் நல்ல நாளில் ஒன்று கழிந்துவிடும். உதகையில் உள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். எந்த நீர்நிலை இப்போது திறந்திருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை மீன், எந்த அளவுக்குக் கீழே இருந்தால் திருப்பி விட வேண்டும், மண்புழு போன்ற உயிர் இரைக்கு அனுமதி உண்டா என்ற நாலு கேள்விக்கும் பதில் வாங்காமல் வெளியே வராதீர்கள். போன வருடம் போனவர் சொன்னதை நம்பிப் போக வேண்டாம், விதி மாறியிருக்கலாம்.

அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கமெல்லாம் வனத்துறைக் காடு. மீன்பிடிக்கும் அனுமதி கையில் இருப்பதால் மட்டும் காட்டுக்குள் போய்விட முடியாது. வனத்துறை அனுமதி தனி, அதையும் வாங்க வேண்டும். முக்குருத்தி தேசியப் பூங்கா எல்லைக்குள் தூண்டில் போடவே கூடாது. எல்லை எங்கே வருகிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், ஓடையோரமாகவே நடந்தால் தெரியாமல் உள்ளே போய்விட வாய்ப்பு உண்டு.

வெளி மாவட்ட வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு வந்தால் சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள், அபராதமும் உண்டு. ஸ்டீல் பாட்டில் கொண்டு வாருங்கள்.

2. நல்ல நாளை மூன்று அடையாளத்தால் கண்டுபிடியுங்கள்

வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீரின் சூடு, நிறம், மட்டம் மூன்றையும் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிட்டுக் கிளம்பலாம். இரண்டு சரியாக இருந்தால் போய்ப் பார்க்கலாம்.

*சூடு.* மெல்லிய கம்பித் தெர்மாமீட்டர் ஒன்று அவசியம். நிழலில், ஓடும் தண்ணீரில், ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே இரண்டு நிமிடம் வைத்து, தண்ணீருக்குள் இருக்கும்போதே அளவைப் படியுங்கள். வெளியே எடுத்தால் காற்று பட்டு எண் மாறிவிடும். 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் மீன் நன்றாக இரை தேடும். 7-க்குக் கீழே போனால் ஒரே இடத்தில் மந்தமாகக் கிடக்கும். 17, 18-இல் கடிக்கும், ஆனால் இழுத்து விளையாடினால் களைத்துச் செத்துப்போகும். 19 வந்தால் தூண்டிலைச் சுற்றி வைத்துவிடுங்கள்.

சமவெளி நாடுகளின் புத்தகங்களில் இந்த வரம்பைச் சற்று மேலே வைத்திருப்பார்கள். நமக்கு அது பொருந்தாது. 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான், தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். 20 டிகிரித் தண்ணீரில் கடல்மட்டத்தில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால் இங்கே 7 சொச்சம்தான். சூடு ஏற ஏற மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது, தண்ணீரில் இருப்போ குறைகிறது. அதனால்தான் இங்கே 19-இலேயே நிறுத்தச் சொல்கிறோம்.

*நிறம்.* முழங்கால் ஆழத்தில் நின்று பாருங்கள். பாதம் மங்கலாகத் தெரிந்தால் மிக நல்ல நிலை. தேயிலை வடிநீர் போலச் சற்றுப் பழுப்பாக இருந்தாலும் பரவாயில்லை. மலை மடிப்புகளில் இருக்கும் சோலைக்காட்டிலிருந்தும் புல்வெளிச் சதுப்பிலிருந்தும் வரும் தண்ணீருக்கு அந்த நிறம் இயல்பு, அதன் வழியே மீனுக்கு நன்றாகக் கண் தெரியும். மண் கரைந்து செந்நிறமாக, ஒரு சாண் ஆழத்தில் கை வைத்தால் தெரியாத கலங்கலாக இருந்தால் திரும்பி வந்துவிடலாம். உருளைக்கிழங்கு, கேரட் தோட்டங்களுக்குக் கீழே போகும் ஓடை தெளிய நாளாகும். சோலைக்குள்ளிருந்து இறங்கும் ஓடை முதலில் தெளியும். மழை விட்ட முதல் நாளே போகிறீர்கள் என்றால் சோலை ஓடைக்குப் போங்கள், தோட்டத்துக்குக் கீழே உள்ளதை மூன்றாம் நாளுக்கு வையுங்கள். நாலு நாளை ஐந்தாக நீட்டுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

*மட்டம்.* இறங்கும் தண்ணீர் நல்லது. கரையோரப் பாறையில் ஈரக்கோடு தண்ணீருக்கு மேலே தெரிந்தால் இறங்குகிறது என்று அர்த்தம். புல் நுனி தண்ணீருக்குள் மூழ்கி ஆடிக்கொண்டிருந்தால், கோடு இல்லாமல் இருந்தால், ஏறுகிறது. ஏறத் தொடங்கும் முதல் கொஞ்ச நேரம் புழுவும் பூச்சியும் அடித்து வருவதால் மீன் வெறியாகக் கடிக்கும். அதன்பின் குப்பையும் மணலும் வர, மீன் ஓரத்தில் ஒண்டிக்கொள்ளும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஆசைப்பட்டு ஓடை நடுவில் நிற்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இங்குள்ள அணைகளில் பல, குந்தா, பைக்காரா மின் திட்டங்களைச் சேர்ந்தவை. மின்தேவைக்கேற்பத் தண்ணீர் விடுவார்கள், நிறுத்துவார்கள். மழையே இல்லாமல் அணைக்குக் கீழே தண்ணீர் ஏறும். சைரன் கேட்டால் சாமானைப் பொறுக்கிக்கொண்டிருக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

3. பருவத்துக்கு ஏற்ப நேரத்தை மாற்றுங்கள்

"ட்ரவுட்டா, விடியக் காலையில போகணும்" என்று எல்லோருக்கும் ஒரே பாட்டாகச் சொல்லிவிடுகிறார்கள். பாதி வருடத்துக்குத்தான் அது சரி.

ஓடைத் தண்ணீர் சூரியன் உதித்ததையொட்டி மிகக் குளிர்ந்தும், பிற்பகல் மூன்று நாலு மணி வாக்கில் மிகச் சூடாகவும் இருக்கும். மார்ச் முதல் மே வரை விடிந்ததிலிருந்து பத்து மணி வரையும், கோடை மழை பெய்து மப்பாக இருந்தால் மாலையிலும் பிடியுங்கள். நடுப்பகலில் தூங்கலாம்.

டிசம்பர், ஜனவரியில் கதை தலைகீழ். புல்வெளியில் உறைபனி கிடக்கும் காலையில் ஆறு மணிக்குப் போய் நின்றால் விரல்தான் மரத்துப்போகும். தண்ணீர் 6, 7 டிகிரியில் இருக்கும்போது மீன் அசையாது. பதினொன்றிலிருந்து மூன்று மணி வரைதான் நேரம், அதுவும் வெயில் விழும் பகுதியில்.

தென்மேற்குப் பருவமழை அவலாஞ்சிப் பக்கம்தான் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஜூலை, ஆகஸ்டில் அந்தப் பக்கம் போவதை மறந்துவிடுங்கள். மழை ஓய்ந்து, வடகிழக்குப் பருவம் தொடங்குவதற்கு இடையே செப்டம்பரில் வரும் இடைவெளிதான் வருடத்திலேயே நல்ல காலம். தண்ணீர் நிறைய, குளிர்ச்சி, மீனும் பசியோடு இருக்கும். அனுமதி, சாமான் எல்லாம் இந்த இடைவெளியைக் குறிவைத்தே தயாராக இருக்கட்டும்.

குளிர்காலத்தில் மீன் முட்டையிட ஓடையின் மேற்பகுதிக்கு ஏறும். சரளைக்கற்கள் நடுவே ஒரு இடம் மட்டும் துடைத்து வைத்ததுபோல் வெளுத்துத் தெரிந்தால் அது முட்டைப் படுகை. அதை மிதிக்காதீர்கள், அதன்மேல் நிற்கும் மீனுக்குத் தூண்டில் போடாதீர்கள்.

4. சாமானை முந்தின இரவே கட்டி முடியுங்கள்

குளிரில் மரத்த விரலால் நரம்பு கட்டினால் முடிச்சு நிற்காது. வீட்டில், விளக்கு வெளிச்சத்தில் கட்டுங்கள்.

ஃப்ளை என்பது பூச்சி மாதிரி இறகும் நூலும் கட்டிய கொக்கி. ஃப்ளை தூண்டிலுக்கு எட்டரை அடிக் கழி, 4 அல்லது 5 எடை (கழிக்கும் லைனுக்கும் பொதுவான கன எண்), வீசுவதற்கு மிதக்கும் தடித்த லைன் போதும். சோலைக்குள் புகுந்த குறுகிய ஓடைக்கு ஏழரை அடிக் கழி வசதி, கிளையில் சிக்காது. லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே வரும் மெல்லிய நரம்பான லீடர் ஒன்பது அடி. நுனி நரம்பு, கலங்கலில் 0.20 மில்லிமீட்டர், தெளிவில் 0.15. தெளிந்த தண்ணீரில் தடித்த நரம்பு போட்டால் மீன் வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும்.

ஸ்பின்னிங்குக்கு, அதாவது தகடு சுழலும் இரையை (ஸ்பின்னர்) வீசிச் சுற்றி இழுப்பதற்கு, ஆறு, ஆறரை அடி மெல்லிய கழி, 1000 அல்லது 2000 அளவு ரீல், 0.18 அல்லது 0.20 மில்லிமீட்டர் நைலான் நரம்பு, 2 முதல் 5 கிராம் வரை ஸ்பின்னர். பவானி ஆற்றில் கெண்டைக்குப் போடும் தடித்த நரம்பை அப்படியே கொண்டு வருகிறவர்கள் அதிகம். அந்த நரம்பில் 3 கிராம் ஸ்பின்னர் பத்தடிகூடப் பறக்காது.

கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். அளவு குறைந்த மீனைத் திருப்பி விடும்போது வாய் கிழியாமல் ஒரு நொடியில் கழற்றலாம். உங்கள் காதில் மாட்டினாலும் அப்படியே.

முடிச்சு: நரம்பைக் கொக்கிக் கண்ணில் விட்டு ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியைக் கண்ணருகே உள்ள வளையத்தில் நுழைத்து, மறுபடி பெரிய வளையத்தில் நுழைத்து, எச்சில் தடவி மெதுவாக இறுக்குங்கள். காய்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் உராய்வுச் சூட்டில் அந்த இடம் பலவீனமாகிவிடும். பெரிய மீன் வந்து "பட்"டென்று அறுந்தால், நரம்பு நுனியைப் பாருங்கள். பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது. வெட்டினாற்போல் இருந்தால் பாறையில் உரசியிருக்கிறது. அடுத்த முடிச்சை எப்படிக் கட்டுவது என்று அந்த நுனியே சொல்லிவிடும்.

பையில் வேண்டியவை: தெர்மாமீட்டர், சின்னக் குறடு, கைவலை, மாற்றுச் சாக்ஸ், மழைக்கோட்டு, உப்பு கட்டிய துணி முடிச்சு. அந்த உப்பு அட்டைக்கு. ஈரமான மாதங்களில் அது இல்லாமல் சோலைக்குள் நிற்க முடியாது. உடுப்பு பச்சை, பழுப்பாக இருக்கட்டும். வெள்ளைச் சட்டை புல்வெளிக்கு எதிரே தூரத்திலிருந்தே மீனுக்குத் தெரியும்.

5. ஓடைக்குப் போனதும் கால் மணி நேரம் தூண்டிலைத் தொடாதீர்கள்

கரையிலிருந்து நாலைந்து அடி தள்ளியே நில்லுங்கள். முதலில் தண்ணீரின் சூடு பாருங்கள், எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஆழமில்லாத ஓரத்தில் இரண்டு மூன்று கல்லைத் தூக்கிப் புரட்டிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகள்தான் மீனின் அன்றாடச் சாப்பாடு. மணல்துகளைச் சேர்த்துக் கூடு கட்டிய புழுக்கள் நிறைய இருந்தால் பழுப்பு நிற நிம்ஃப் (தண்ணீருக்கு அடியில் ஓட்டும் ஃப்ளை), தட்டையான வால்பூச்சிகள் ஓடினால் அதைவிடச் சின்னது. கல்லைப் பழையபடியே வைத்துவிடுங்கள்.

அடுத்து தண்ணீரின் மேல்பரப்பைப் பாருங்கள். வட்ட அலை எழுகிறதா? மூக்கு வெளியே தெரிந்து ஒரு குமிழ் விட்டால் மீன் மிதக்கும் பூச்சியைத் தின்கிறது. முதுகு மட்டும் புரண்டு குமிழ் இல்லையென்றால் மேல்பரப்புக்கு அடியில் இருப்பதைத் தின்கிறது, மிதக்கும் ஃப்ளையைப் பார்க்காது. இந்த ஒன்றைக் கவனிக்காமல் மணிக்கணக்கில் தவறான ஃப்ளையை வீசுகிறவர்கள் உண்டு.

எந்த இடத்தில் நிற்கும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ட்ரவுட் தண்ணீர் வரும் திசையைப் பார்த்தே நிற்கும். வேகத் தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசும் கோட்டில், பாறைக்கு முன்னும் பின்னும், குடைந்த கரைக்கு அடியில், மடுவின் தலையிலும் (தண்ணீர் உள்ளே வரும் முனை) வாலிலும் (வெளியேறும் முனை) பாருங்கள். நுரை எந்தப் பாதையில் மிதந்து போகிறதோ அதே பாதையில்தான் இரையும் போகும். நுரைக்கோட்டைக் கண்ணால் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

6. கீழிருந்து மேலே, வாலிலிருந்து தலைக்கு

மீனின் பின்பக்கம் அதற்குக் கண் தெரியாத பகுதி. ஆகவே ஓடையின் கீழ்ப்பகுதியில் தொடங்கி மேலே ஏறுங்கள். மேலிருந்து இறங்கினால் நீங்கள் கலக்கும் மண் உங்களுக்கு முன்னால் போய் மீனுக்குத் தகவல் சொல்லிவிடும்.

ஒரு மடுவுக்கு வந்தால் வரிசை இது: முதலில் வால்பகுதி, பிறகு உங்கள் பக்கத்து ஓரம், பிறகு நடு, கடைசியில் தலைப்பகுதி. பெரிய மீன் தலையில் நிற்கும் என்று தெரிந்து நேரே அங்கே வீசுகிறார்கள். வாலில் நிற்கும் சின்ன மீன் மிரண்டு மேலே ஓடும், அதைப் பார்த்து எல்லாமே ஒளிந்துகொள்ளும். அந்த மடு அரை மணி நேரத்துக்குச் செத்தது.

முழங்காலிட்டு வீசப் பழகுங்கள். தாழ இருக்கும் உருவம் தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கிற மீனுக்குத் தெரிவதில்லை. நிழல் மடுவின்மேல் விழாத பக்கமாக நில்லுங்கள். பாசி படிந்த பாறையில் குதிக்காதீர்கள், வழுக்குவது ஒரு பக்கம், அந்த அதிர்வு தண்ணீருக்குள் நெடுந்தூரம் போகும்.

ஒரு கோட்டில் நாலைந்து வீச்சு போதும். கடிக்கவில்லையென்றால் ஒரு அடி நகர்த்தி அடுத்த கோடு. நல்ல நாளில் ஒரே மடுவில் உட்கார்ந்துவிடாதீர்கள், பசியோடிருக்கும் மீன் மூன்றாவது வீச்சுக்குள் சொல்லிவிடும். நடந்துகொண்டே இருக்கிறவருக்குத்தான் அன்று மீன்.

7. எதை, எப்படி ஓட்டுவது

*ஃப்ளை.* மேல்நோக்கிச் சாய்வாக வீசி, லைனைக் கையால் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஃப்ளை பக்கத்து நுரையின் வேகத்திலேயே மிதக்க வேண்டும். அதைவிட வேகமாகப் போய்த் தண்ணீரில் கோடு கிழித்தால் லைன் அதை இழுக்கிறது, மீன் தொடாது. அப்போது கழி நுனியால் லைனைத் தூக்கி மேல்பக்கம் மடித்துப் போடுங்கள். மழைக்குப் பின் சிறகு முளைத்த எறும்புகள் பறக்கும் மாலையில் கறுப்பு எறும்பு ஃப்ளை, 14 அல்லது 16-ஆம் எண். புல்வெளி ஓரத்தில் காற்றடிக்கும் பிற்பகலில் வெட்டுக்கிளி மாதிரி, 10 அல்லது 12. மற்ற நேரத்தில் பழுப்பு நிம்ஃப், 12 முதல் 14.

நிம்ஃப் அடியைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். பத்து வீச்சில் ஒரு தடவைகூடக் கல்லில் உரசவில்லையென்றால் ஆழம் போதவில்லை, எடை கூட்டுங்கள். ஒவ்வொரு வீச்சிலும் மாட்டினால் குறையுங்கள்.

*ஸ்பின்னர்.* மேலே சாய்வாக வீசி, தகடு சுழலும் அளவுக்கு மட்டும் சுற்றுங்கள். கழியில் மெல்லிய துடிப்பு தெரிய வேண்டும். கலங்கலில் பித்தளைத் தகடு, தெளிவில் கறுப்பு அல்லது மங்கிய வெள்ளி. பளபளப்பைத் தெளிந்த தண்ணீரில் போட்டால் மீன் துரத்திக்கொண்டு வந்து கடைசி அடியில் திரும்பும்.

*மண்புழு,* அனுமதி இருந்தால். 8 அல்லது 10-ஆம் எண் கொக்கி, ஒரு சாண் மேலே ஒரே ஒரு சின்ன ஈயம். தக்கை வேண்டாம், ஓடையில் அது இரையைத் தூக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். நரம்பு நின்றால் உடனே இழுங்கள். தாமதித்தால் கொக்கி தொண்டைக்குள் போய்விடும், அப்புறம் அந்த மீனைத் திருப்பி விட்டும் பயன் இல்லை. சின்ன மீன் அதிகமுள்ள ஓடையில் மண்புழுவைத் தவிர்ப்பதே மரியாதை.

8. மாட்டிய பிறகு

ரீலின் இழுவையை (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கம்) நரம்பின் தாங்கும் பலத்தில் கால்பங்குக்கு வைத்திருங்கள். முழுக்க இறுக்கி வைத்தால் முதல் துள்ளலிலேயே அறுந்துவிடும். கழியைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்காமல் பக்கவாட்டில் சாய்த்து இழுங்கள், மீன் நிலை தடுமாறிச் சீக்கிரம் அடங்கும். மேலே துள்ளும்போது கழி நுனியைத் தாழ்த்துங்கள்.

வலையை மீனுக்குக் கீழே தண்ணீருக்குள் வைத்து, மீனை அதன்மேல் கொண்டு வந்து தூக்குங்கள். மீனைத் துரத்தி வலை வீசினால் நரம்பில் பட்டு அறுந்துபோகும். சரளைக்கல்மேல் இழுத்துப் போட்டால் தப்பிக்கும் மீன் அதிகம்.

விடப்போகும் மீனென்றால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். காய்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். பத்து நொடிக்கு மேல் வெளியே வேண்டாம். போட்டோ எடுக்கிறவர் போனைத் தயாராக வைத்துக்கொண்ட பிறகே மீனைத் தூக்குங்கள். ஓட்டம் மெதுவாக உள்ள இடத்தில் தலை மேல்நோக்கி இருக்கும்படி தாங்கிப் பிடித்து, தானாக உதைத்துக்கொண்டு போகும்வரை விடாதீர்கள்.

9. நடுவில் நிலைமை மாறினால்

வெயில் நேரடியாக மடுவில் விழுந்ததும் கடி நின்றால், சோலை நிழல் விழும் பகுதிக்கோ நுரை பொங்கும் வேகத் தண்ணீருக்கோ மாறுங்கள். அங்கே ஆக்சிஜனும் மறைவும் கூட.

மூடுபனி இறங்கினால் கடி கூடும். ஆனால் வழியும் தெரியாது, பத்தடியில் நிற்கும் காட்டெருமையும் தெரியாது. ஓடைச் சத்தத்தில் அதற்கும் நீங்கள் வருவது கேட்காது. பேசிக்கொண்டே, இரண்டு பேராக நகருங்கள். இடி கேட்டதும் கழியைக் கீழே வைத்துவிட்டு விலகுங்கள், கார்பன் கழி மின்சாரத்தைக் கடத்தும்.

ஒரு மணிக்கு ஒரு தடவை சூடு பாருங்கள். நல்லபடி கடிக்கும்போதுதான் இதை மறந்துவிடுவோம்.

10. ஓடை கலங்கினால் அணை

ஓடை கலங்கிய நாளிலும் எமரால்டு அணை மாதிரி பெரிய தண்ணீரில் நல்ல பகுதி இருக்கும். காற்று எந்தக் கரைக்கு அடிக்கிறதோ அந்தக் கரைக்குப் போங்கள், பூச்சியெல்லாம் அங்கே ஒதுங்கும். முகத்தில் அடிக்கும் காற்றில் வீசுவது கஷ்டம்தான், அதனாலேயே அங்கே ஆள் இருக்காது. ஓடை வந்து விழும் வாயில் கலங்கலும் தெளிவும் பிரியும் கோடு தெரியும், அதன் தெளிந்த பக்கத்தில் வீசுங்கள்.

எந்த ஆழம் என்று தெரியாவிட்டால் ஸ்பின்னரை விழவிட்டு எண்ணுங்கள். ஐந்து எண்ணிச் சுற்றுங்கள், அடுத்தது பத்து, அடுத்தது பதினைந்து. கடித்த எண்ணிலேயே அன்று முழுக்கப் போடலாம்.

நீர் இறங்கிய அணைக்கரையில் வெடித்த சேறு மேலே காய்ந்தும் அடியில் குழைந்தும் கிடக்கும், இடுப்புவரை இழுத்துவிடும். புல்லோ பாறையோ உள்ள இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

11. வைத்துக்கொள்ளும் மீனும், திரும்பிய பிறகும்

தலையில் ஒரே அடியில் கொன்றுவிடுங்கள். துடித்துச் சாகும் மீனின் சதை சீக்கிரம் தளர்ந்துவிடும். அங்கேயே வயிற்றைக் கீறி, செவுளையும் முதுகெலும்போடு ஒட்டியிருக்கும் கருஞ்சிவப்பு ரத்தக் கோட்டையும் கட்டைவிரல் நகத்தால் வழித்து எடுங்கள். அந்தக் கோட்டை விட்டால்தான் கசப்பும் நாற்றமும். குடலைக் கரையில் போடாமல் கட்டி எடுத்து வாருங்கள், காட்டுப்பன்றியை வரவழைக்க வேண்டாம். மீனை ஈரத்துணியில் சுற்றி ஐஸ் பெட்டியில் வையுங்கள். கட்டிய பிளாஸ்டிக் பையில் வெயிலில் வைத்தால் வேகாமலே வெந்துவிடும்.

ட்ரவுட்டுக்குச் செதில் உரசத் தேவையில்லை, பொடியாகத்தான் இருக்கும். கல்லுப்புப் போட்டுத் தேய்த்தால் வழவழப்பு போய்விடும். புளி, மிளகாய் கனமாகப் போட்டுக் குழம்பு வைத்தால் இதன் ருசி தெரியாது. மிளகும் உப்பும் தடவி, தோசைக்கல்லில் மெதுவாக வறுப்பதே மேல்.

அன்றிரவே நரம்பின் கடைசி ஒரு மீட்டரை வெட்டி எறிந்துவிட்டுப் புது முடிச்சுப் போடுங்கள், பகல் முழுக்கக் கல்லில் உரசியது அந்த ஒரு மீட்டர்தான். காலணியையும் வலையையும் கழுவிக் காயவையுங்கள். நோட்டில் தேதி, ஓடை, சூடு, நிறம், மட்டம், கடித்த நேரம், எதற்குக் கடித்தது என்று ஒரு வரி எழுதுங்கள். மறுநாள் மழை இல்லையென்றால் அதே நேரத்துக்கு, தோட்டத்துக்குக் கீழே உள்ள அடுத்த ஓடைக்குப் போகலாம்.